தலைவர் கீறிய கோடு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சிவனேஸ்வரி அக்கா. லண்டன் லூயிஷாம் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே, "எழுதுங்கோ, ஆனால் என்ர பெயரைப் போடாதேங்கோ" என்றார். (போட்டுவிட்டேன். வேறு பெயர் வைத்தால் அவருடைய கோபம் ஒட்டவில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1994இன் மழைநாள் ஒன்றில், ஜனநாயகம் என்பது..."

வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

2

நடந்தது இதுதான். அங்கே ஒரு தமிழர் சங்கம். ஐந்து வட்டாரம், அவரவர் குடியிருக்கும் வட்டாரத்தில்தான் தேர்தலுக்கு நிற்கலாம். எல்லையைக் கீறுபவர் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. அந்த வருடம் அவர் கீறிய கோடு சிவனேஸ்வரியின் தெருவில் நேராக வந்து, அவர் வீட்டு வாசலில் வளைந்து, அந்த ஒரு வீட்டை மட்டும் பக்கத்து வட்டாரத்துக்குள் தள்ளிவிட்டுப் போனது. அவருக்கு வோட்டுப் போடக்கூடிய தெரு முழுவதும் இந்தப் பக்கம். தோற்றார்.

அழவில்லை. (அழுததாக எழுதி அடித்துவிட்டேன்.) எல்லைக்கோட்டை வெளியார் மூவர் கீறட்டும், அதற்குப் பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாக ஏறி முப்பது கையெழுத்து வாங்கினார்.

3

தலைவர் வழக்கறிஞரிடம் ஓடினார். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்கலாம் என்பது சங்க விதி. இதிலோ இரண்டு இருக்கிறதாம்: தலைவரின் அதிகாரத்தை எடுப்பது ஒன்று, வெளியாருக்குக் கொடுப்பது இன்னொன்று. ஆகவே மனு செல்லாது!

நடுவராக வந்தவர் சிங்கப்பூர்க்காரரான சொலிசிட்டர் நீலவேணி.

"சார், பேனாவ வாங்குறது ஒரு விஷயம், கொடுக்கிறது வேற விஷயம்னா, நடுவுல பேனா எங்க இருக்கும்?"

"என்னட்டைத்தான் இருக்கும்" என்றார் தலைவர், நேர்மையாக.

மண்டபம் சிரித்தது. மனு செல்லும் என்று தீர்ப்பாயிற்று.*

* தலைவரை வில்லனாக்கப் பார்த்தேன். பதினொரு வருடமாகக் கூட்டம் முடிந்ததும் சங்கத்துக் கதிரைகளைத் தனியாளாக அடுக்கியவரும் அவர்தான். கை வரவில்லை.

4

வாக்கெடுப்பு. ஆதரவு நாற்பத்துநாலு, எதிர்ப்பு நாற்பத்துநாலு. தபாலில் வந்த உறை ஒன்று மட்டும் மிச்சம். அனுப்பியவர் பாலாம்பிகை, தலைவரின் மனைவி.

"அது எங்கட வீட்டு வோட்டு" என்று தலைவர், வென்றவர்போல் நடுவருக்குக் கைகொடுக்க எழும்பினார்.

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து பின்வரிசையில் இருந்த பாலாம்பிகை மெல்லச் சொன்னார்: "உடைச்சுத்தான் பாருங்கோவன்."

தலைவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தலைவர் தோற்று, பஸ்ஸில் மனைவிக்கு இரண்டு சீட் தள்ளி உட்காருகிறார். மற்றதில் வென்று, சந்தேகப்பட்டதற்கு வழிநெடுக மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டையும் கிழித்தேன்.

உறை இப்போது உங்கள் கையில். கவனமாக உடையுங்கள், பாலாம்பிகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.