அரை றாத்தல் பாண்

சாய்ந்தமருதில் ஒரே பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த றஹீமாவை, எண்பத்து நாலாம் ஆண்டு கணித ஆலோசகராக நியமித்தார்கள். இனி அவளுக்கென்று ஒரு வகுப்பு இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மற்ற ஆசிரியர்கள் படிப்பிப்பதைப் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்து, அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். பதவி உயர்வு என்று ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கோ, பெற்ற பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்தது போல இருந்தது.

முதல் முதல் போனது மருதமுனைக்கு. அங்கே ஆறாம் வகுப்பில் ஜவுபர் மாஸ்டர் பின்னங்களை வகுக்கப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவளை விட வயதில் மூத்தவர். ‘இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று கரும்பலகையில் எழுதி, அரையைக் காலால் வகுத்து, விடை இரண்டு என்று போட்டார்.

நபீலா என்ற பிள்ளை எழும்பினாள். “சேர், வகுத்தாக் குறையணுந்தானே? இது ஏன் கூடுது?”

“சட்டம் அப்படித்தான். எழுது.”

றஹீமாவுக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய், “ஒரு நிமிஷம் மாஸ்டர்” என்று அவர் கையிலிருந்த சோக்கை வாங்கிவிட்டாள். அரை றாத்தல் பாண் ரொட்டி ஒன்றைப் பலகையில் படமாகக் கீறினாள். கால் றாத்தல் துண்டாக வெட்டினால் எத்தனை துண்டு என்று கேட்டாள். “ரெண்டு!” என்று வகுப்பே கத்தியது. நபீலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மணி அடிக்கும்வரை றஹீமாதான் படிப்பித்தாள். ஜவுபர் மாஸ்டர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை அவள் போனபோது அவர் லீவில் இருந்தார். அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. இடமாற்றம் கேட்டிருக்கிறார் என்று அதிபர் சொன்னார். அன்று பின்னேரமே றஹீமா மாஸ்டரின் வீட்டைத் தேடிப் போனாள்.

அவருடைய மனைவி சுபைறா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அடுத்த வளவில் தறி அடிக்கும் சத்தம் விடாமல் கேட்டது. ஜவுபர் மாஸ்டர் வந்து எதிரே இருந்தார்.

“நீங்க நல்லாப் படிப்பிச்சீங்க டீச்சர். அதுல குறை செல்ல ஏலா.”

“மறுகா ஏன் மாஸ்டர் வாறீங்க இல்ல?”

“நான் உள்ளுக்குப் போனா புள்ளைகள் வாசலப் பாக்காங்க. நீங்க எப்ப வருவீங்க எண்டு.” தறிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். “நீங்க போயிருவீங்க. அந்த வகுப்புல நான்தானே இரிக்கணும்?”

பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல றஹீமா வாயெடுத்தாள். அது முழு உண்மையில்லை என்று அவளுக்கே பட்டது. கரும்பலகைக்கு முன்னால் நிற்க ஏங்கிப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

“பிழைதான் மாஸ்டர். இனி எழும்ப மாட்டன். ஒருக்கா வாங்க.”

இடமாற்றமும் கிடைக்கவில்லை, லீவும் முடிந்தது. அவர் வந்தார். அன்று பாடம் நடக்கையில் ஒவ்வொரு வரி எழுதியதும் திரும்பிக் கடைசி வாங்கில் இருந்தவளைப் பார்த்தார், சரியா என்று கேட்பது போல. றஹீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

அரையை மூன்றில் ஒன்றால் வகுத்து, ஒன்றரை என்று விடை போட்டார். நபீலா எழும்பினாள்.

“சேர், அந்த டீச்சர் மாதிரிப் பாண் கீறிக் காட்டுங்க.”

பாணைக் கீறினார். அரைப் பாணில், முழுப் பாணின் மூன்றில் ஒன்று அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார்.

“மிச்சம் ஆறில் ஒண்டுதானே சேர்? விடையில மட்டும் ஏன் அரை எண்டு வருது?”

வகுப்பு முழுவதும் றஹீமாவைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தையே பார்த்தாள்.

“எனக்கு இப்ப விளங்குதில்ல மகள்,” என்றார் ஜவுபர் மாஸ்டர். “நாளைக்கு விளக்கிச் செல்றன்.”

பின்னால் யாரோ பொடியன் சிரித்தான். அந்தச் சிரிப்பு றஹீமாவைச் சுட்டது.

மணி அடித்ததும் அவர் ஆசிரியர் அறைக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். “இப்ப எனக்குச் செல்லுங்க. இங்க ஆருமில்ல.”

அவள் விளக்கத் தொடங்கினாள். பாதியில் அவளுக்கே சிக்கியது. இரண்டு தரம் அழித்துக் கீறினாள். “அண்டைக்கு நான் லேசான கணக்கத்தான் எடுத்தன் மாஸ்டர்” என்றாள். அவர் சிரிக்கவில்லை, பென்சிலை எடுத்துத் தானும் கீறிப் பார்த்தார். மிச்சமான ஆறில் ஒன்று, வெட்டின துண்டில் பாதி. முழுப் பாணைப் பார்க்காமல் துண்டைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட இருவருக்கும் நேரமெடுத்தது.

“நாளைக்கு நீங்க வரவேணாம் டீச்சர்,” என்றார் எழும்பும்போது.

“ஓம்,” என்றாள்.

மறுநாள் அந்தப் பாட நேரத்தில் றஹீமா வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போக அக்கரைப்பற்று பஸ்ஸில் இருந்தாள். ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து, ஆண்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இந்நேரம் அவர் பாணைக் கீறியிருப்பாரா, நபீலா விடாமல் கேட்பாளா, மற்றதுகள் சிரிக்குமா? ஒன்றும் தெரியாது. தெரியவும் வராது.

பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: “என்ன ஓதுறீங்க தங்கச்சி? எனக்கும் செல்லுங்க, நானும் ஓதுறன்.”

அப்போதுதான் ‘ஆறில் ஒண்டு, துண்டுல பாதி’ என்று தன் உதடு அசைந்துகொண்டிருப்பது றஹீமாவுக்குத் தெரிந்தது.