பழுக்காத ஊசி

தேவராஜுக்கு ஊசி போட்டபோது அவனை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். மாதா கோயிலில் நிற்க வைத்துக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அவன் என் தங்கை ஜெயகுமாரியின் தலைச்சன் பிள்ளை, தொப்புள்கொடி கூட விழாத பச்சைக் குழந்தை. சுகாதார நிலையத்து நர்ஸ் புஷ்பா இடது தோளில் குத்தியதும் வீல் என்று கத்தி என் புடவையை நனைத்துவிட்டான். கைக்குள் அடங்குகிற அந்த உடம்புக்கு அவன் கொள்ளுத்தாத்தா பெயர். தேவராஜ் என்று கூப்பிட்டால் மீசைக்காரர் யாராவது திரும்பிப் பார்க்கப் போகிறார் என்று நான் கேலி செய்வேன்.

"இது காசநோய் வராம இருக்கப் போடுற ஊசி. கொஞ்ச நாள்ல இந்த எடம் பழுத்து உடையும். மஞ்சள், எண்ணெய்னு ஒண்ணும் தடவாதீங்க, தானா ஆறித் தழும்பாயிடும்" என்றார் புஷ்பா.

பழுக்கவில்லை. வேப்பம்பட்டில் எங்கள் வீட்டில் இதற்காக யாரும் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் பட்டோம். அடுத்த வீட்டு எல்லம்மாவின் பேத்திக்குத் தோள் புண்ணாகி, தொட்டால் அழுதது. எங்கள் பிள்ளைக்கு ஒரு கொப்புளம் கூட இல்லை. நல்ல உடம்பு என்றாள் அம்மா. குழந்தைக்குப் புண் வரவில்லையே என்று எந்த வீட்டில் உட்கார்ந்து அழுவார்கள்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் ஜெயகுமாரி ஏழாம் மாதமே வந்துவிட்டிருந்தாள். வரும்போதே வெளிறிப்போய், உதட்டில் கூட ரத்தமில்லாமல் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கீரைத்தோட்டத்தில் வேலை பார்த்தவள் அவள். சேற்றில் செருப்புப் போட்டுக்கொண்டு யார் கீரை பறிப்பார்கள்? எங்கள் வீட்டில் கக்கூஸும் கிடையாது, எல்லாரும் வெறுங்காலோடு ஓடைப்பக்கம் போகிறவர்கள்தான்.

மசக்கையில் அவளுக்கு மண் மேல் ஆசை வந்தது. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அவள் மாமியார் ஆரோக்கியம்மாள் புதுப்பானையாகப் பார்த்து வாங்கி, உடைத்து, தன் கையாலேயே ஓட்டுத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். இங்கே வந்ததும் அம்மா கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

ஜெயகுமாரியின் கண் இமையை இழுத்துப் பார்த்த புஷ்பா, வெறுங்கால் வழியாக ஏறிய பூச்சி வயிற்றில் இருக்கும், அதுதான் ரத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்லி, சத்து மாத்திரையோடு பூச்சி மாத்திரையும் கொடுத்தனுப்பினார். அம்மா சத்து மாத்திரையை மட்டும் கொடுத்தாள். "பூச்சி மருந்து சாப்ட்டா பேதியாவும். பூச்சியோட புள்ளையும் வந்துட்சின்னா சம்பந்தி ஊட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். அம்மாவுக்கு இருந்த பயம் அது. அதில் சூது எதுவும் இல்லை.

பிள்ளையோடு ஆவடிக்குப் போன பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ஆரோக்கியம்மாள் குளிப்பாட்டும்போது தோளைத் தடவிப் பார்த்திருக்கிறார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே வட்டமாகத் தழும்பு இருக்கிறது, இவனுக்கு இல்லை.

"உங்கம்மா ஊட்ல ஊசியே போடல, இன்னா?"

"போட்டாங்க அத்தே. அக்காதான் புடிச்சிக்கினா."

"போட்டா தழும்பு எங்கடி?"

அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குழந்தையின் தோளைத் திறந்து காட்டுவது அந்த அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது. ஜெயகுமாரியும் விடமாட்டாள், போட்டாச்சு போட்டாச்சு என்று திருப்பிச் சொல்வாள். அவ்வளவு வாய் அவளுக்கு உண்டு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதே வீட்டில் மாமனார் கிறிஸ்துதாஸ் இருமிக்கொண்டிருந்தார். ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேரன் என்றால் உயிர். சாப்பிட்டதும் அவனை மார்பில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவார். பாட்டுக்கு நடுவில் இருமல் வரும், பிள்ளை குலுங்கிச் சிரிப்பான். பீடி இருமல் என்றார்கள். மழைக்காலத்தில் ஆரம்பித்த பீடி இருமல் கோடையிலும் நிற்கவில்லை.

தேவராஜ் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்த சமயம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிறது என்றார்கள். பிறகு குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான். பிறகு தூங்கிக்கொண்டே இருந்தான். கழுத்து விறைத்து ஒரு கண் மாறுகண்ணாகப் போனபோதுதான் அவன் அப்பா அருள்தாஸ் ஆட்டோ வைத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். சேதி வந்ததும் பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

காசநோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அவனைப் புரட்டித் தோளைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஆரோக்கியம்மாள், "அவங்கம்மா ஊட்ல ஊசி போடல சார்" என்றார்.

பிள்ளையை மூக்கில் குழாயோடு அங்கேயே வைத்திருந்தோம். ஒரு நாள் காலை மூச்சு நின்றது. வெள்ளைச் சட்டை போட்டு, சின்னப் பெட்டியில் வைத்து ஆவடிக் கல்லறையில் புதைத்தோம். மண் போடும்போது கூட ஆரோக்கியம்மாள் எங்கள் அம்மாவைப் பார்த்து, "சோம்பேறித்தனத்துல என் பேரனைக் கொன்னுட்டீங்களே" என்று அழுதார். அம்மா தலையைத் தூக்கவில்லை. ஜெயகுமாரி மட்டும் நிமிர்ந்து நின்று, "போட்டாச்சு அத்தே, பொய் சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவு பேருக்கு நடுவில் சொன்னாள்.

அவளை எங்களோடு அனுப்பிவிட்டார்கள். அருள்தாஸ் வந்து பார்க்கவில்லை. குடும்பமே போய்விடும் போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நேரே ஃபாக்டரி வாசலுக்குப் போய் நின்றேன்.

"மாப்ளே, நீங்க என்னை நம்ப வேணாம், அவளையும் நம்ப வேணாம். டாக்டராண்ட வந்து கேளுங்க. அவர் ஊசி போடலைன்னு சொல்லட்டும், நான் அப்புறம் வாயைத் தெறக்கல."

வந்தார். அந்த டாக்டர் பொறுமைசாலி. ஊசி போட்டும் சில குழந்தைகளுக்குத் தழும்பு வராது, தழும்பு இல்லை என்பதை வைத்துப் போடவில்லை என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு அங்கேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஜெயகுமாரி கர்ப்பத்தில் எப்படி இருந்தாள் என்று கேட்டார். ரத்தசோகை, மண் தின்றது, பூச்சி என்று எல்லாவற்றையும் நானே ஒப்பித்தேன்.

"அம்மா வயித்துல பூச்சி இருந்தா, குழந்தைக்குப் போடுற ஊசி சரியா வேலை செய்யாம போகலாம்னு இப்ப ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் உறுதியா தெரியாது. உங்க விஷயத்துல அதுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கிருமி எங்கேருந்தோ வந்திருக்கணும். அன்னிக்கே கேட்டேன், யாரும் பதில் சொல்லலை. வீட்டுல யாருக்காவது இருமல் உண்டா?"

அருள்தாஸ் தரையைப் பார்த்தார். பிறகு, "நைனாவுக்கு கீது சார்" என்றார், காதில் விழாத குரலில்.

கிறிஸ்துதாஸைக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், காசநோய் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் சளி மாத்திரை. அருள்தாஸ் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். எந்தப் பாதி என்பது முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பூசை முடிந்து குவார்ட்டர்ஸில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஆரோக்கியம்மாள் மருமகள் கையில் காபியைக் கொடுத்தார். சமாதானமாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஊசி போட்டது நெஜந்தானாம், டாக்டரே சொல்லிட்டாரு. உன் மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சிக்கோ" என்றார். பிறகு உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "போட்ட ஊசி புடிக்கல. இவ வயித்துல பூச்சி இருந்துச்சாம். வயித்துக்குள்ளயே புள்ளையக் கெடுத்துட்டு இருந்துச்சாம். மண்ணு தின்னவ. நாம இன்னா பண்றது?"

நான் எழுந்துவிட்டேன். "மண்ணை யார் உடைச்சிக் குடுத்தது அத்தே? உள் ரூம்ல இருமுறது யாரு? அதையும் டாக்டர் சொன்னாரே, மாப்ளே சொல்லலையா?"

அருள்தாஸ் வெளியே எழுந்து போனார். உள்ளறையில் இருமல் சத்தம் சட்டென்று நின்றது. அந்த மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜெயகுமாரியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது நிமிர்வாள், கல்லறையில் சொன்னது போல் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, அந்த வீட்டு இருமல்தான் குழந்தையைக் கொன்றது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னதையே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். திருநின்றவூர் தாண்டியதும் பேசினாள்.

"மாமா தெரியாம தூக்கி வச்சிக்கினாருக்கா. அவர் மேல கோவம் வரல."

"சரி, உன் மேல மட்டும் எதுக்கு வருது?"

வண்டி எங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்து நின்றது. இறங்குவதற்கு எழுந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போடலன்னு அவங்க சொன்னப்போ அது பொய்னு எனக்குத் தெரியும்கா. அதை வச்சிக்கினுதான் உயிரோட இருந்தேன். நீ ஏன் டாக்டராண்ட போனே?"