தட்டு பறந்த மதியம்

“ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு மாப்ளே!”

மச்சினன் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான். அதற்குள் அந்தச் சின்ன இரும்புத் தட்டு மேசையை விட்டு எகிறி, மில்லியின் காதோரமாக விர்ரென்று பறந்து, சுவரில் மோதி, மூலையில் இருந்த காலி பெயின்ட் டப்பாவுக்குள் ‘ளொடக்’கென்று விழுந்தது. மோட்டார் முனகிக்கொண்டே நின்றது.

“காது இருக்கா மாமா?”

மில்லி தொட்டுப் பார்த்தான். “இருக்கு.”

“ரெண்டுமா?”

“வாயை மூடிட்டு மணியைச் சொல்லு.”

“ரெண்டு பத்து.”

ஆறு மணிக்குப் பன்னிரண்டு கோட்டுகளும் மச்சினனின் வேனில் ஏறியாக வேண்டும். தீயணைப்பு நிலைய வாத்தியக் குழுவுக்கான சிவப்பு கோட்டுகள். நாளைக் காலை அவர்கள் அணிவகுத்து வாசிக்கிறார்கள். மில்லியின் மனைவிக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். எட்டு முடிந்து ஆணியில் தொங்கின. மீதி நான்குக்கு இன்னும் கை வைக்கவில்லை. கோட்டுக்குக் கை, அதாவது. அதைத் தைக்க வேண்டிய மெஷின் முன்னறையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஊசி இறங்குகிற இடத்தில் இருக்கும் ஊசித் தட்டு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரன் பன்னிரண்டு நாள் கேட்டான். பக்கத்து வீட்டு மெஷினோ கைக்குட்டைக்கு மட்டும் லாயக்கு. கோட்டுத் துணியைக் காட்டினாலே அதற்குக் காய்ச்சல் வந்துவிடும்.

“கோட்டு போகலேன்னா தீயணைப்புக்காரங்களே பத்திக்குவாங்க மாமா. அப்புறம் யாரு வந்து அணைக்கிறது?” என்றான் மச்சினன்.

மில்லி சிரிக்கவில்லை. ஊசித் தட்டு எப்படி உடைந்தது என்பது இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவன்தான்.

மில்லி என்பது பஸ் டிப்போவில் அவனுக்கு விழுந்த பெயர். மற்ற மெக்கானிக்குகள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவன் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பான். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டித் துண்டின் கனத்தை அளந்து, “ஒரு பக்கம் ஒண்ணரை மில்லி கம்மி” என்று சொன்னவன். பின்னறையில் மூன்று மாதமாக ஓர் அரம் மெஷின் செய்துகொண்டிருந்தான். பழைய சலவை மெஷினின் மோட்டார், ஒரு பெல்ட், சின்னதும் பெரிதுமாக இரண்டு சக்கரங்கள். சக்கரம் சுற்றினால் ஒரு தண்டு மேலும் கீழும் போகும். தண்டின் நுனியில் அரத்தைச் செங்குத்தாகப் பொருத்தினால், மேசையின் நடு ஓட்டை வழியாக அது ஏறி இறங்கி, மேலே வைத்த இரும்பைத் தானே அராவும். சொல்ல ஒரு நிமிடம் போதும். மில்லிக்கு மூன்று மாதம் போதவில்லை. ஒரு பாகத்தைச் செய்வான், அளப்பான், நூறில் இரண்டு பங்கு மில்லி தப்பு என்று தூக்கிப் போடுவான். மறுபடி முதலிலிருந்து.

வியாழக்கிழமைதான் வினை. மனைவி நூல் வாங்கப் போயிருந்தாள். தையல் மெஷினின் தண்டு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு முறை பார்த்து அளந்துவிட்டால் போதும் என்று அதைத் திறந்தான். பார்த்தான், அளந்தான், திரும்ப மூடினான். மூடும்போது ஊசித் தட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பிசிறு சிக்கியதைக் கவனிக்கவில்லை. பஸ் சக்கரத்து நட்டை முறுக்குகிற கை, அந்தப் பொடி ஸ்க்ரூவையும் அதே பாசத்தோடு முறுக்கியது. வெள்ளிக்கிழமை காலை அவள் தைக்க உட்கார்ந்தாள். ‘டக்.’

“என்னாச்சு?” என்று ஓடி வந்து கேட்டவனும் அவன்தான். நடிப்புக்கு ஏதாவது பரிசு இருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள்.

அன்று மாலையே புதுத் தட்டுக்கு இரும்பு வெட்டி, துளையும் போட்டுவிட்டான். ஆனால் துணியை நகர்த்தும் பற்கள் எட்டிப் பார்க்க மூன்று குறுகலான பிளவுகள் வேண்டும். மூலைகள் சதுரமாக நிற்க வேண்டும். துளைகளை அப்படிச் சதுரமாக்க அரம்தான் வழி. கையால் அராவலாம் என்றால், இன்று காலை டிப்போவில் சுளுக்கிய வலது மணிக்கட்டு கட்டுக்குள் கிடந்தது. மச்சினனிடம் கொடுக்கலாம் என்றால், அவன் ஒரு தடவை அலமாரிச் சாவியை அராவிப் பல்குத்தும் குச்சியாக்கிய வரலாறு வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, மெஷின் ஓடியே தீர வேண்டும். இன்றைக்கே.

“வேகம் ஜாஸ்தி” என்று தீர்ப்புச் சொன்னான் மில்லி. பெல்ட்டைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றினான். தட்டை இடது கையால் அழுத்தினான். “போடு!”

கடகடகட. இந்த முறை தட்டு பறக்கவில்லை, குதித்தது. அழுத்திப் பிடித்தால் அரம் அதைத் தூக்கியது. இன்னும் அழுத்தினால் மோட்டார் திணறியது.

“நான் மேலே ஏறி உக்காரட்டுமா?”

“நீ உக்காந்தா மேசை போயிடும்.”

மணி இரண்டரை. மில்லியின் நெற்றியில் வியர்வை. தப்பு எங்கே? தண்டு நேராக இருந்தது. மேசை மட்டமாக இருந்தது. எல்லாவற்றையும் பத்துப் பத்துத் தடவை அளந்தாகிவிட்டது.

வாசல் பக்கம் நிழல் விழுந்தது. மனைவி, தோளில் கை தைக்காத ஒரு கோட்டோடு, கையில் காஜா எடுக்கும் ஊசியோடு நின்றாள். பதற்றமே இல்லை. அதுதான் அவனை இன்னும் குடைந்தது. கத்தியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

“இன்னொரு தடவை ஓட்டுங்க, பாப்போம்” என்றாள்.

ஓட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

“அது ஏறுறப்பவா அறுக்குது?”

“ஆமா. ஏன்?”

“ஏன்னா கேக்கறீங்க? என் ஊசி இறங்கறப்பதான் குத்தும். ஏறுறப்ப குத்திச்சுன்னா துணி என் மூக்குல வந்து ஒட்டிக்கும்.”

மில்லி மோட்டாரை நிறுத்திவிட்டு அரத்தைக் குனிந்து பார்த்தான்.

முப்பது வருடம் கையால் அராவியவன் அவன். அரத்துக்கு ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் நுனி. கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கித் தள்ளும்போதுதான் பல் கடிக்கும். யோசிக்காமல் கைப்பிடிப் பக்கத்தை மெஷினின் கையில் கொடுத்துவிட்டான். மெஷினின் கை கீழே அல்லவா இருக்கிறது! அது மேலே தள்ளியது, கடித்தது, கடித்ததைத் தூக்கிக்கொண்டும் போனது. மூன்று மாதம் அளந்தவன், அரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

“மாமா, இதை எத்தனை மில்லியில சேக்கறது?” என்றான் மச்சினன் பவ்யமாக.

“பேசாம அந்த வைஸைத் திற.”

இனி மேலே நிற்கப்போகும் கைப்பிடி முனை தட்டின் துளைக்குள் நுழையாது; அதை வைஸின் இரும்புப் பிடியில் கடிக்கவிட்டு ஒரே தட்டு. ‘டங்’ என்று முறிந்தது. நுனியைக் கீழே விட்டுத் தலைகீழாகப் பொருத்தினான்.

“அரம் ஏறும்போது லேசா இழுக்கும். மேலே அழுத்திப் பிடிக்க ஏதாவது வேணும்” என்று முணுமுணுத்தான்.

“துணியை அழுத்துற கால் மாதிரிதானே? என்கிட்ட கூடுதலா ஒண்ணு கெடக்கு.”

“எங்க? பட்டன் டப்பாலயா? நான் எடுத்தாறேன்க்கா” என்று கிளம்பினான் தம்பி.

“நீ தொடாதே!” அவள் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. “உனக்குத் தேடத் தெரியாது. எல்லாத்தையும் கொட்டி வெப்பே. நானே எடுத்தாறேன்.”

தையல் மெஷினின் அந்தக் குட்டிக் கால், ஒரு பழைய பட்டைக் கம்பியில் ஏறி, அரம் மெஷினின் மேசைமேல் வந்து நின்றது. “போடு” என்றான் மில்லி, மிக மெதுவாக.

சர்ர்... சர்ர்... சர்ர்...

தட்டு அசையவில்லை. வெள்ளித் தூள் மாதிரி இரும்புப் பொடி மேசையில் கோடாக விழுந்தது. இடது கையின் ஒரே விரலால் மில்லி தட்டைத் தள்ளினான். மூலை சதுரமானது. அடுத்த மூலை. அடுத்த பிளவு. மச்சினன் இரும்புப் பொடியை ஊதி ஊதி விலக்கினான். அந்த ஓசையில் மணிக்கட்டு வலிகூட மில்லிக்கு ஞாபகம் வரவில்லை. மூன்றாவது பிளவும் முடிந்து, உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, அவள் கையில் வைத்தபோது மணி மூன்றே முக்கால்.

அவள் தட்டைப் பொருத்தினாள். ஸ்க்ரூவை இரண்டே விரலால் திருகி நிறுத்தினாள். மில்லி அந்த இரண்டு விரலையே பார்த்தான். தையல் மெஷின் பாட ஆரம்பித்தது.

ஐந்து நாற்பதுக்குப் பன்னிரண்டாவது கோட்டு ஆணியில் ஏறியது. மில்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“இந்தா பாரு... அந்தத் தட்டை உடைச்சது நான்தான். வியாழக்கிழமை திறந்து அளந்தேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“பஸ் சக்கரம் கழட்டுற ஆள் முறுக்கின ஸ்க்ரூவைக் கழட்ட எனக்குக் கால்மணி நேரம் ஆச்சுங்க” என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி. கோபம் இல்லை. உதட்டோரம் ஏதோ ஒளிந்திருந்தது. மில்லிக்கு உடம்பே இலேசாகிவிட்டது.

“அக்கா, இதுல கடைசி பட்டன் காணோம்!” கோட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த மச்சினன் கத்தினான். அவள் ‘டேய்’ என்பதற்குள் பட்டன் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தான். பட்டன்கள் நாலா பக்கமும் உருண்டன. நடுவில், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கனமாக விழுந்தது.

மில்லி பிரித்தான். பளபளவென்று ஓர் இரும்புத் தட்டு. கை தானாக வெர்னியரை எடுத்தது. நீளம் சரி. அகலம் சரி. மூன்று பிளவுகள், மூலைகள் சதுரம்.

“இது... ஊசித் தட்டு.”

“மெஷின் வாங்கின அன்னைக்கே கூட ஒண்ணு சேத்துக் குடுத்தாங்க” என்றாள் அவள், உருண்ட பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டே. “அதை எடுத்துக் குடுத்திருந்தா நீங்க இன்னும் மூணு மாசம் உங்க மெஷினை அளந்துட்டே இருந்திருப்பீங்க. நாலு மணி அடிச்சா மாட்டிக்கலாம்னுதான் வெச்சிருந்தேன். நீங்கதான் மூணே முக்காலுக்கே முடிச்சிட்டீங்களே!”