பச்சை நாடா ஒட்டிய புட்டி

"எந்த எண்ணெய்னு தெரியாமலா எலிக்குட்டிங்களுக்குக் கலந்து குடுக்கற?" என்று ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியவளிடம் நாத்தனார் ஒருநாள் கேட்டாள்.

"ஆமா அண்ணி. புட்டியில பேர் இருக்காது. சிவப்பு நாடா, பச்சை நாடா, அவ்வளவுதான். தெரிஞ்சா நம்ம மனசு ஒரு பக்கமா சாஞ்சிடுமாம்."

"நல்ல வேலை போ! இதுக்கா இவ்வளவு படிச்சே?"

பேச்சு அதோடு நின்றிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

பால்குடி மறக்கும் வயதில் உள்ளே போகும் தாவர எண்ணெய் எலும்பை என்ன செய்கிறது? இவளுடைய ஆய்வுக்கூடத்தின் கேள்வி அதுதான். வீட்டிலும் அதே கேள்விதான். மகள் குறைமாதத்தில் பிறந்தவள். எலும்பு கொஞ்சம் மெலிசு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மசித்த சாப்பாட்டில் சூரியகாந்தி எண்ணெய் விடச் சொன்னான் கணவன். ஆலிவ்தான் என்று நின்றாள் அவன் அக்கா. சண்டை ஓயட்டுமென்று இவளே இரண்டையும் ஒரே மாதிரிப் புட்டிகளில் ஊற்றி, ஆய்வுக்கூடத்தைப் போலவே சிவப்பு, பச்சை நாடா ஒட்டி, "மாத்தி மாத்தி விடுங்க" என்றாள்.

ஊட்டுவது நாத்தனார். இவள் வீடு திரும்பும்போது குழந்தை வயிறு நிறைந்து அத்தையின் தோளில் சாய்ந்திருக்கும். ஒரு வேளையாவது தன் கையால் ஊட்ட வேண்டும் என்ற ஆசை பல மாதங்களாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை பார்க்க வந்தவளிடம் எப்படிக் கேட்பது?

போன மாதம் குட்டிகளின் எலும்பை அளந்தபோது பச்சை நாடாக் கூட்டம் முந்தியது. வீட்டில் பூரிப்போடு சொன்னாள். இன்று வளர்ந்த எலிகளை அளந்தால் ஆண் எலிகளில் வித்தியாசமே இல்லை. பெண் எலிகளில் சிவப்புதான் ஒரு படி மேல்.

"எனக்கும் புரியலம்மா. எலிக்கே இப்படின்னா, மனுஷக் குழந்தைக்கு என்னத்தைச் சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார் தலைமை ஆய்வாளர்.

வீட்டுக்கு வந்தால், அடுக்களையில் பச்சைப் புட்டி காலி. சிவப்பு தளும்ப நிற்கிறது.

"அண்ணி, மாத்தி மாத்தித்தானே விடச் சொன்னேன்?"

"நீதானே பச்சை ஒசத்தின்னே? தீர்ந்துபோச்சு. நீ வந்து ஊத்தித் தருவேன்னு குழந்தையைக்கூடப் பட்டினி போட்டு வச்சிருக்கேன்."

"அது ஆய்வுக்கூடத்துல இருக்கற பச்சை அண்ணி! இது வேற."

"அங்க ஒரு பச்சை, இங்க ஒரு பச்சையா?"

கணவன் எட்டிப் பார்த்தான். "அப்ப இத்தனை நாள் போனது என் எண்ணெயா, அக்கா எண்ணெயா?"

இருவரும் இவளைப் பார்த்தார்கள். எந்தப் புட்டியில் எதை ஊற்றினோம் என்று இவளுக்கே நினைவில்லை.

நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. "என்னால என் மருமகளுக்கு ஏதாவது ஆயிடுமா? நீ படிச்சவ. இனிமே எதை விடட்டும், சொல்லு."

"ஒண்ணும் ஆகாது அண்ணி. ஆனா எது நல்லதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

அத்தை கையிலிருந்த சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்து மகள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எண்ணெய் எதுவோ இருக்கட்டும் அண்ணி. சாயங்காலச் சாப்பாட்டை மட்டும்... நான் ஊட்டட்டுமா?"