ஆண்டவருக்கு ஒரு பிடி

மிசோ மலையில் மூங்கில் பூத்து, அதன் விதைகளைத் தின்று பெருகிய எலிகள், எங்கள் வயலில் ஒரு கதிரையும் விடவில்லை. கடைசி அரிசியை உலையில் போடும் முன், வழக்கம்போல அம்மா தேவாலயத்துக்கென ஒரு பிடி எடுத்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பற்றினார்.

“ஸுவாலி, உன் ஆண்டவருக்கா பசிக்குது? பிள்ளைங்க முகத்தைப் பாருடி!”

“விடுங்க. என் பங்கைத்தான் எடுக்கிறேன்.”

அவள் விரல்கள் திறக்கவில்லை. நானும் தங்கையும் அசையாமல் நின்றோம். அப்பா கையை விட்டார்.

சோறு வெந்ததும் எங்கள் மூவருக்கும் பரிமாறிவிட்டு, அம்மா வெறும் தண்ணீர்க் குவளையுடன் ஜெபித்தாள். அப்பா தன் தட்டை அவள் முன் தள்ளினார்.

“தின்னு, அழுத்தக்காரி. இனி அரிசி கிடைச்சா, அந்தப் பிடியை என் பங்குல எடு.”