கட்டிப்பிடித்த படம்

கூட்டத்தில் பேசுவதற்கு முஆஸ் மூன்று நிபந்தனைகள் வைத்தான். முகம் தெரியக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. படம் எடுக்கக் கூடாது.

அவற்றைக் கேட்டுவந்து லோறன்ஸிடம் சொன்னவள் யூஜீனியா. லோறன்ஸ் அந்தத் தொண்டு நிறுவனத்தின் பணிப்பாளர். முந்தலில், இறால் தீன் விற்கும் கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. ஆண்களை விரும்பும் ஆண்கள், திருநங்கைகள், எச்.ஐ.வி. தொற்றியவர்கள் எல்லாரையும் இரத்தப் பரிசோதனைக்கும் கிளினிக்குக்கும் அழைத்துப் போவதுதான் நிறுவனத்தின் வேலை. அந்த வேலைக்காகக் கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் இடையே பஸ்ஸில் அலைந்தவள் யூஜீனியா மட்டும்தான். லோறன்ஸ் அறிக்கை எழுதுவார்.

“அதுக்கென்ன, அது எங்கட கடமைதானே,” என்றார் லோறன்ஸ். “மறைப்புக்கு ஒரு சீலை கட்டுவம். அவர் பின்னால இருந்து கதைக்கட்டும்.”

முஆஸுக்கு இருபத்தொன்பது வயது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். அப்போது அவன் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. இப்போது நுரைச்சோலையில், மின்நிலையத்து ஆட்கள் சாப்பிட வருகிற ஒரு சோற்றுக்கடையில் சமைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மாட்டிறைச்சிக் கறிக்காகவே பாலாவியிலிருந்து லொறிக்காரர்கள் வந்து போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குத் தொற்று இருப்பது தெரிந்தபோது பக்கத்தில் இருந்தவள் யூஜீனியா. மாதாமாதம் மருந்துக்கு அவளோடுதான் போனான். கிருமி பரிசோதனையிலும் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாக டொக்டர் சொன்ன நாளில், பஸ் நிலையத்தில் அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

“மிஸ், உங்கள நம்பித்தான் வாறன்,” என்றான் கூட்டத்துக்கு முந்திய நாள்.

“நான் இருக்கிறன் தம்பி,” என்றாள் அவள்.

கூட்டம் கண்டக்குழிக் கடற்கரையில், வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்து அலையில் ஓட வந்து தங்குகிற ஒரு விடுதியில் நடந்தது. கொழும்பிலிருந்து, நிதி தரும் உதவி நிறுவனத்தார் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவரிடமும் வரவுத் தாளில் கையொப்பம் வாங்கினாள் யூஜீனியா. முஆஸிடமும் வாங்கினாள். அவன் முழுப் பெயரை எழுதாமல் ஒரு கிறுக்கல் மட்டும் போட்டான்.

ஒரு கட்டில் விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் கதிரை போட்டிருந்தார்கள். முஆஸ் பத்து நிமிடம் பேசினான். ஒரு நாளைக்கு ஒரு குளிசை போடுகிறேன், வேலை செய்கிறேன், உம்மாவைப் பார்க்கிறேன் என்றான். “நோய்க்கு நான் இப்ப பயமில்ல. ஆட்களுக்குத்தான் பயம். யாருக்கும் தெரிய வந்தா எனக்கு வேலையும் இல்ல, ஊரும் இல்ல.” ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் லோறன்ஸ் எழுந்தார். “இந்தச் சீலை உண்மையில எங்கட மனசிலதான் தொங்குது,” என்று சொல்லிக்கொண்டே விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்து விலக்கினார். முஆஸ் எழும்பப் பார்த்தான். அதற்குள் லோறன்ஸ் அவனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னத்தை வைத்து, கூட்டத்தைப் படம் எடுக்க அவர் கூட்டிவந்திருந்தவர் பக்கம் திரும்பி நின்றார். சபை எழுந்து கைதட்டியது. முஆஸின் இரண்டு கைகளும் தொங்கியபடியே இருந்தன.

வாசலில் குளிர்பானத் தட்டோடு நின்ற வெயிட்டர் ரிஷாத் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நுரைச்சோலைக்காரன். முஆஸ் வேலை செய்த கடைக்கு இரண்டு வீடு தள்ளி அவன் வீடு.

சாப்பாட்டு நேரம் யூஜீனியா முஆஸைத் தேடிப் போனாள். விடுதிக்குப் பின்னால் குழாயடியில் நின்று கன்னத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். லோறன்ஸின் வாசனைத் தண்ணி மணம் அவன் சட்டையிலிருந்து அவளுக்கே அடித்தது.

“என்னைத் தொட்டதுக்கு அவருக்குக் கைதட்டுறாங்க மிஸ்,” என்றான். “நான் அப்படி என்ன சாமான்?”

குனிந்து சட்டைக் கழுத்தையும் நனைத்துத் தேய்த்தான்.

மூன்றாம் நாள் காலை முஆஸ் அழைத்தான். “வந்து பாருங்க மிஸ்,” என்று மட்டும் சொன்னான். அவள் நுரைச்சோலைக்குப் போனபோது கடை பூட்டியிருந்தது. பின்வளவில் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. அவன் விடியற்காலையில் சமைத்த இறைச்சிக் கறி, பருப்பு, சோறு எல்லாவற்றையும் மணலில் கொட்டியிருந்தார்கள். சூடு ஆறாத கறியில் எண்ணெய் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கையாண்ட சட்டிகளும் அகப்பைகளும் வேலியோரம் குவிந்து கிடந்தன.

கடைக்காரர் முத்தலிபு வாயையும் மூக்கையும் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு வந்தார். நான்கு வருடம் மூன்று வேளையும் முஆஸின் சமையலைச் சாப்பிட்டவர்.

“எனக்கு அவரில கோவம் இல்ல பிள்ள,” என்றார். “நல்ல பொடியன். ஆனா ஊர் மனுசர் இனி என்ர கடையில வந்து திம்பாங்களா?”

“சாப்பாட்டால தொத்தாது. உங்களுக்கு அது தெரியுந்தானே?”

“தெரியும். தெரிஞ்சும் அருவருப்பா இருக்கு. நான் என்ன செய்ய?” என்று சொல்லி, திரும்பி மண்ணில் துப்பினார்.

முஆஸ் வேலியோரம் தன் கத்திகளைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்து, நிறுவனத்தின் முகநூல் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினான். லோறன்ஸ் சிரித்துக்கொண்டு அவனைக் கட்டிப்பிடித்திருந்தார். முஆஸின் கண்களில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். அவனை ஒரு முறை பார்த்தவனுக்கும் அவன் யாரென்று தெரியும்.

படத்தின் ஓரத்தில் யூஜீனியா நின்றாள். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டியது அவளுக்கு நினைவே இல்லை. எல்லாரும் தட்டும்போது கைகள் தாமாகத் தட்டியிருக்கின்றன. அந்தக் கைகளை வெட்டி எறியலாம் போல் இருந்தது அவளுக்கு.

நேரே முந்தலுக்குப் போனாள். முஆஸின் வேலை போனதைச் சொல்லி, முகநூலிலிருந்து படத்தை நீக்கச் சொன்னாள். லோறன்ஸ் மேசையில் கணவாய்ப் பொரியலோடு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அது எங்கட ஆகச் சிறந்த படம். எத்தின பேர் பார்த்திருக்காங்க தெரியுமா?” என்றார். “வேலைக்கு நான் கதைச்சுப் பார்க்கிறன். அதோட, அவர் சம்மதிச்சுக் கையொப்பம் வச்சிருக்கார்.”

வரவுத் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கியவள் அவள்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

“இன்னொரு விசயம்,” என்றார், விரலை நக்கிக்கொண்டே. “கொழும்பு ஆட்கள், நாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போற ஆட்களின்ட பட்டியல் கேட்கிறாங்க. பேர், அடையாள அட்டை இலக்கம், ஊர். உம்மட பதிவுப் புத்தகத்தை நாளைக்குத் தாரும், தட்டச்சு பண்ணி அனுப்புவம்.”

அந்தப் புத்தகத்தில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள். பொலிஸ் கையில் கிடைத்தால் பிடித்துப் போகச் சட்டமே இருக்கிற ஆட்கள். மனைவி பிள்ளைகளோடு வாழ்கிறவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பெயர் சொன்னார்கள். அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். லோறன்ஸ் தலையாட்டினார், வீட்டில் வைத்து ஒழுங்குபடுத்தப் போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று பின்னேரம் கண்டக்குழியில் தன் வீட்டு அடுப்பில் தென்னம்பாளையை மூட்டி, புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை எரிய நேரம் எடுத்தது. எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் நின்றது. சாம்பலைக் கிளறிப் பார்த்து, ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை கழுவினாள்.

லோறன்ஸ் களவென்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். புத்தகத்தில் என்ன இருந்தது என்று பொலிஸ் கேட்டதும் மறுநாளே முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொழும்புக்காரர்களுக்கு அவள் இரண்டு கடிதம் எழுதினாள். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. ஒன்பதாம் நாள் படம் நீங்கியது. அதற்குள் அது எத்தனையோ கைத்தொலைபேசிகளுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த வருடமும் நிறுவனத்துக்கு உதவி கிடைத்தது. பணிப்பாளர் மாறவில்லை.

முஆஸ் உம்மாவைக் கூட்டிக்கொண்டு மாவட்டத்தை விட்டே போனான். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. யூஜீனியா பல முறை அழைத்தும் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது: “வேற கிளினிக்ல மருந்து எடுக்கிறன் மிஸ். விடல்ல. இனி எனக்கு கோல் எடுக்க வேணாம்.”

அவள் அதைப் பல தடவை வாசித்தாள். பிறகு அவனுடைய இலக்கத்தைத் தன் தொலைபேசியிலிருந்து அழித்தாள்.

புத்தகத்தில் இருந்த மற்றவர்களை நினைவிலிருந்தே தேடிப் போனாள். நாற்பத்துநான்கு பேரைக் கண்டுபிடித்து, உங்கள் பெயர் இனி எங்கும் இல்லை என்று சொன்னாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் அவளைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். கற்பிட்டியில் மர்ளியா என்று தன்னை அழைத்துக்கொள்ளும் திருநங்கை மட்டும் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“அப்ப நாங்க இனி கிளினிக்குக்கு யாரோட போற?”

“வியாழக்கிழமை காலம்பற வாற முதல் பஸ்ஸில வாறன்,” என்றாள் யூஜீனியா. “சம்பளமும் இல்ல, பதிவும் இல்ல. விருப்பமெண்டா வாங்க.”

“யோசிச்சுச் சொல்றன்,” என்றாள் மர்ளியா.