கட்டிலின் மறுபாதியில் வேப்பம்பூ

மின்விசிறி சுற்றச் சுற்றக் கட்டிலின் மறுபாதியிலிருந்து வேப்பம்பூ ஒவ்வொன்றாக எழுந்து என் மீசையில், கழுத்துச் சுருக்கத்தில் வந்து உட்காருகிறது, நான் அசையவில்லை, அசைந்தால் அடியில் விரித்த வேட்டி இழுபடும், பரப்பியிருக்கும் பூ அத்தனையும் தரைக்குப் போகும், அப்புறம் யார் குனிந்து பொறுக்குவது, காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய இடுப்பு இது, குனியச் சொன்னால் கெட்ட வார்த்தை பேசும், ஆகவே மல்லாந்து கிடக்கிறேன், பிற்பகல், தூத்துக்குடியின் பங்குனி வெக்கை, என் மனைவி ஆவுடையம்மாள் படுத்திருந்த பக்கம் இப்போது கசப்பாக மணக்கிறது, கண்ணை மூடினால் அவளே அங்கே புரண்டு படுக்கிறாள், ஏங்க, என் எடத்த வேப்பமரத்துக்குக் குடுத்துட்டியளாக்கும், என்கிறாள், வேற யாருக்குக் குடுக்க, பேசாம படு, என்கிறேன், அவள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியாமலா, தெரிந்தால் என்ன, பேசினால் பதில் சொல்கிறாளே.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது, ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் பொற்கொடி, மழைக்கு இதமாக ரசம் வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் போனவள், நான் காயவைத்துப் பெருமையாக அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்தாள், மூக்கைச் சுளித்தாள், வேப்பம்பூவின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம், கறிவேப்பிலையைத் திறந்தாள், அதிலும், முருங்கை இலை கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது, அப்பா, இதையா தின்னுட்டுக் கெடக்கிய, என்று அவள் கேட்ட குரலில் கோபம் இல்லை, அழுகை இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது, போதும்ப்பா நீங்க தனியா இருந்தது, எங்கூட வந்துருங்க, என்றாள், நல்ல பிள்ளைதான், தங்கமாகப் பார்த்துக்கொள்வாள், ஆனால் அங்கே நான் விருந்தாளி, இங்கே நான் வீட்டுக்காரன், பஸ்ஸில் செக்கிங் வந்தவர்களிடமே குரல் தாழ்த்தாத நான் என் மகளிடம் கெஞ்சினேன், அடுத்த தீபாவளி வரைக்கும் விடுட்டி, அப்பவும் ஒரு பாட்டில்ல பூசணம் இருந்தா நானே பொட்டியக் கட்டுதேன், சரி என்றாள், அந்தச் சரியிலேயே என் சட்டைகளை மடித்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

கடல்காற்றுதான் எதிரி என்று நினைத்திருந்தேன், உப்பு டப்பாவே தண்ணீர் விடுகிற ஊர் இது, அதனால் மொட்டைமாடி வெயிலில் காய்ந்ததைக் காற்றுப் படும்முன்னே சுடச்சுட அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்து, பாட்டிலில் திணித்து, மூடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, இனி வா பார்ப்போம் என்று காற்றிடம் சவால் விடுவேன், போன வருடம் பங்குனி வந்ததும் மறுபடி அதையே செய்தேன், முதல் பாட்டில் சில நாளிலேயே புழுங்கல் வாடை அடித்தது, போச்சுடா, ஓசூர்தான், என்று உட்கார்ந்துவிட்டேன், அன்று மத்தியானம் சோற்றை வடித்துத் தூக்குச்சட்டியில் போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், ஒரு சொட்டு என் கால்விரலில் விழுந்தது, அட மடையா, என்று சத்தமாகக் கத்தினேன், காற்று எங்கே உள்ளே வந்தது, மிச்ச ஈரத்தைச் சூட்டோடு சூடாக நானேயல்லவா உள்ளே வைத்துப் பூட்டினேன், உடனே அடுப்படியில் அந்தக் காலத்து ஆவுடையம்மாள் நிற்கிறாள், கையில் முறம், முறத்தில் காய்ந்த பூ, பொழுது சாய்கிறது, ஏன் இன்னும் பாட்டில்ல போடல என்று நான் சத்தம் போடுகிறேன், கெடக்கட்டும், எங்க ஓடியா போவப்போவுது, என்கிறாள், சூடு ஆறட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா புண்ணியவதி, நீங்க எப்ப கேட்டிய, என்கிறாள் அவள், சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன்.

அதற்குப் பிறகு மொட்டைமாடியும் இல்லை, ஓட்டமும் இல்லை, கட்டிலில் நிழலில் விசிறிக்குக் கீழே பரப்பினேன், இலையைக் கசக்கினால் நொறுங்க வேண்டும், நொறுங்கினாலும் அவசரப்படாமல் அப்படியே கிடக்கவிட்டு, உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மூடி, ஐப்பசி வந்தது, அடைமழை, சுவரெல்லாம் வேர்த்தது, பொற்கொடி பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள், தூக்கிப் பார்த்தேன், காலிப்பெட்டி, என் துணிக்கு, காப்பி கூடக் குடிக்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள், பாட்டிலைத் திறந்தாள், மூக்கை உள்ளே விட்டாள், எடுக்கவேயில்லை, ஏட்டி, ஏதாவது சொல்லித் தொலையேன், என்றேன், அவள் கறிவேப்பிலையை ஒரு பிடி அள்ளிக் கசக்கினாள், சருகு நொறுங்குகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆகா, மழைச்சத்தத்தை மீறிக் கேட்டது, அப்பா, அம்மா வெச்சது மாதிரியே மணக்குதுப்பா, என்று பிடித்த கையோடு அழுதாள், நான் மீசையை நீவிக்கொண்டேன், நீவாமல் என்ன செய்வது, ஜெயித்துவிட்டேனே.

நான் வைத்த வேப்பம்பூ ரசத்தை டம்ளரில் ஊற்றி ஊற்றிக் குடித்தாள், கிளம்புகிற அன்று பெட்டியைத் திறந்து, என் பழைய வேட்டியைக் கிழித்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கினாள், என் சட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனா நான் என்னத்தத் திங்க, என்று வம்புக்குக் கேட்டேன், உங்களுக்கென்ன, பங்குனி வந்தா காயப்போட்டுக்கிடுவிய, எனக்குஞ் சேத்துப் போடுங்க, என்றாள், பஸ்ஸில் ஏறி சன்னல் வழியாக மறுபடியும் சொன்னாள், நெறையாப் போடுங்கப்பா, பங்குனி வந்துவிட்டது, விசிறி சுற்றுகிறது, மீசையெல்லாம் பூ, தள்ளிப் படு ஆவுடை, இது உன் மகளுக்கு.